ஒரு ஆலயம், இரண்டு சபை: டெல்லியில் கட்டடத்தைப் பகிர்ந்துகொண்ட அனுபவம்

டெல்லியில் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவச் சபை கூடும் ஆலயத்தில், மணிப்பூரின் சூராசந்த்பூர் பக்கத்திலிருந்து வந்தவர்களின் பைதே மொழிச் சபை ஒன்றும் கூடுகிறது. காலையில் நாங்கள், மதியத்துக்கு மேல் அவர்கள். எந்த நேரம் யாருக்கு, சாவி யாரிடம், கரண்ட் பில் யார் தலையில் என்கிற பஞ்சாயத்து முழுவதும் கமிட்டியில் என் பொறுப்பு. வேறு ஊர்த் தமிழ்ச் சபைகளிலிருந்து போன் வருகிறது: "நாங்களும் இப்படிக் கொடுக்கலாமா அக்கா? பிரச்சினை வருமா?" வரும். ஆனால் நாம் எதிர்பார்க்கிற இடத்தில் வராது. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

முதலில் எங்கள் நிலைமை. இந்தச் சபையைக் கட்டியவர்கள் மத்திய அரசு அலுவலகங்களில் வேலைக்கு வந்த திருநெல்வேலி, நாகர்கோவில் ஆட்களும், என்னைப் போல அரசு மருத்துவமனைகளுக்கு நர்ஸாக வந்தவர்களும். ஓய்வு பெற்றதும் பாதிப்பேர் பாளையங்கோட்டைக்கோ நாசரேத்துக்கோ திரும்பிவிட்டார்கள். 2016இல் சரோஜினி நகர், நேதாஜி நகர், நவுரோஜி நகர் குவார்ட்டர்ஸ்களை இடித்துக் கட்ட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிறகு மீதிப்பேர் துவாரகா, நொய்டா, ஃபரீதாபாத் என்று சிதறினார்கள். பண்டிகை நாள் தவிர மற்ற ஞாயிறுகளில் பின்வரிசைப் பெஞ்சுகள் காலி. அதே நேரத்தில், கூப்பிடு தூரத்தில் முனிர்கா கிராமத்துச் சந்துகளில் வடகிழக்குப் பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு வாடகைக்கு இருக்கிறார்கள். அவர்களுடைய சபை பள்ளிக்கூட ஹால், கட்டட பேஸ்மென்ட் என்று மாறி மாறிக் கூடிக்கொண்டிருந்தது. பாட்டுச் சத்தம் என்று ஒவ்வொரு வீட்டுக்காரரும் காலி செய்யச் சொல்வார்.

அவர்கள் கேட்டு வந்தபோது எங்கள் கமிட்டியில் இரண்டு குரல்கள். ஒன்று, "நல்ல வாடகை வரும், கூரை ஒழுகலை அடைச்சுரலாம்." இன்னொன்று, "பாவம், பிள்ளைக, எங்கயாவது கும்பிட்டுட்டுப் போகட்டும்." இரண்டுமே ஆபத்தானவை என்பது என் எண்ணம். வாடகைக்கு விட்டவன் வீட்டுக்காரன் மாதிரி அதட்டுவான். பாவம் பார்த்தவன் நன்றியை எதிர்பார்த்துக் காத்திருப்பான். அன்றைக்குப் பேச்சைத் திருப்பியவர் எங்கள் பொருளாளர் அண்ணாச்சி. "நாமளும் இந்த ஊருக்கு வந்த புதுசுல அடுத்தவங்க கோயில்லதான சாயங்காலம் கூடுனோம்? வாட்ச்மேன் லைட்டை அணைக்க நிப்பான், போதகர் ஐயர் அவசர அவசரமா ஆசீர்வாதம் சொல்லுவாரு. மறந்துபோச்சா?" என்றார். வாக்கெடுப்பே தேவைப்படவில்லை.

கொடுப்பது என்று முடிவானதும் காகித வேலை. நம்மில் பலருக்கு "நம்ம கோயில்" என்றால் நம்முடைய சொத்து என்கிற நினைப்பு. பெரும்பாலும் நிலமும் கட்டடமும் திருமண்டலத்தின் (டயோசீஸ்) டிரஸ்ட் பெயரில்தான் இருக்கும். உள்ளூர்க் கமிட்டி தன்னிச்சையாக எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. பின்னால் தகராறு வந்தால் இரண்டு சபையும் நடுத்தெருவில். அரசு ஒதுக்கிய நிலமாக இருந்தால் ஒதுக்கீட்டுக் கடிதத்தையும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள், எதற்காகக் கொடுத்தார்கள் என்று அதில் இருக்கும். நாங்கள் மேலிடத்தில் எழுத்துப்பூர்வமான அனுமதி வாங்கி, அதன் பிறகுதான் ஆண்டுதோறும் புதுப்பிக்கிற ஒப்பந்தம் போட்டோம். வாடகை என்று ஒரு தொகை வைக்கவில்லை. கட்டடத்துக்கு ஆகிற செலவில் பங்கு: துப்புரவு, வாட்ச்மேன், பராமரிப்பு நிதி, மின்சாரம். ஆடிட்டரிடம் கேட்காமல் எதையும் எழுதாதீர்கள். வழிபாட்டிடங்களை வாடகைக்கு விடும்போது ஜி.எஸ்.டி. விலக்குக்குத் தொகை வரம்பு உண்டு, டிரஸ்டின் வருமானவரிப் பதிவையும் பார்ப்பார்கள்.

மின்சாரத்துக்குத் தனி சப்மீட்டர் போட்டது நாங்கள் செய்த வேலைகளிலேயே புத்திசாலித்தனமானது. அதற்கு முன்பு ஒவ்வொரு மாதமும் "அவங்க ஏசி போடுறாங்க" என்று ஒரு முணுமுணுப்பு. எங்கள் சபை மே மாதத்திலும் காலை வேளையில் ஃபேனோடு சமாளித்துவிடும். அவர்கள் கூடுவதோ டெல்லி வெயில் கொளுத்துகிற மூன்று மணிக்கு. ஏசி போடாமல் என்ன செய்வார்கள்? மீட்டர் வந்தபிறகு அவரவர் யூனிட்டுக்கு அவரவர் பணம், பேச்சு நின்றது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: டெல்லியில் நீங்கள் இழுக்கும் அதிகபட்ச லோடு அனுமதித்த அளவைத் தாண்டிக்கொண்டே இருந்தால் மின் நிறுவனம் லோடைக் கூட்டிவிடும், நிலைக்கட்டணமும் ஏறும். அந்த உயர்வை எப்படிப் பிரிப்பது என்று முன்பே எழுதிவையுங்கள்.

நேரம் பிரிப்பது சுலபமாகவே நடந்தது. அவர்களில் பலர் குருகிராமில் கால் சென்டரிலும் ஹோட்டலிலும் சலூனிலும் வேலை பார்ப்பவர்கள், சனி இரவு ஷிப்டு முடித்துத் தூங்கி எழ வேண்டும். போதாததற்கு ஞாயிறு மெட்ரோ சில தடங்களில் மற்ற நாள்போல விடியலில் ஓடத் தொடங்காது. ஆகவே மதியம்தான் அவர்களுக்கு வசதி. ஆனால் நடு இடைவெளியைத் தாராளமாக விடுங்கள். தமிழ்ச் சபை ஆராதனை முடிவது வேறு, தமிழ்ச் சபை ஆலயத்தைவிட்டு வெளியேறுவது வேறு. பிறந்தநாள் ஜெபம், கல்யாண நாள் ஜெபம், அதற்குப் பிறகு வராந்தாவில் ஊர்க்கதை. அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களை ஏலம் விடுகிற நாள் என்றால் கேட்கவே வேண்டாம், மூன்று மணிக்கும் முடியாது. இப்போதெல்லாம் ஜனவரியிலேயே இரண்டு சபையும் உட்கார்ந்து திருவிருந்து ஞாயிறுகள், லெந்து (தவக்கால) நாட்கள், ஏலம், கிறிஸ்மஸ் நிகழ்ச்சிகள் எல்லாவற்றையும் ஒரே காலண்டரில் குறித்துவிடுகிறோம். ஏல நாளில் அவர்கள் சீக்கிரமாகவே வந்து ஏலத்தில் நிற்கத் தொடங்கினார்கள். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கி வந்த முருங்கைக்காய்க் கட்டை நாங்கள் கேட்க, நாட்டுக்கோழியையும் பூசணியையும் அவர்கள் விடாமல் ஏற்ற, அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல்.

உண்மையான சண்டை செருப்பில் ஆரம்பித்தது. நாங்கள் வாசலிலேயே கழற்றுகிறவர்கள். அவர்கள் கோட்டு, டை, பாலிஷ் போட்ட ஷூ என்று ஞாயிறுக்கு உடுத்துகிறவர்கள். பெண்கள் புவான் என்கிற நெய்த துணி கட்டி, நல்ல குதிகால் செருப்போடு வருவார்கள். அவர்களைப் பொறுத்தவரை ஆண்டவர் சந்நிதிக்கு முழு உடையில் வருவதுதான் மரியாதை. எங்கள் பெரியம்மா ஒருவர் அவர்கள் ஷூவோடு பலிபீடம் வரை நடந்ததைப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் முழுக்கச் சாப்பாடே இறங்கவில்லை என்றார். போர்டு மாட்டலாம் என்றார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. தமிழிலும் ஆங்கிலத்திலும் 'செருப்பைக் கழற்றவும்' என்று மாட்டினால் அது யாருக்காக என்று எல்லாருக்கும் தெரியும். பேசித் தீர்த்தோம்: பெஞ்சு இருக்கும் பகுதியில் அவரவர் வழக்கம், பலிபீடத்துக் கம்பிக்கு உள்ளே இரு சபையாரும் வெறுங்கால். எங்களில் சிலர் தரையில் பாய் விரித்து உட்காருவார்கள் என்பதால் பாய்கள் தனி அலமாரிக்குப் போயின. மதியக் கூட்டம் முடிந்ததும் தரையை மாப் போடுவது ஒப்பந்தத்திலேயே ஏறிவிட்டது.

பலிபீடமும் அப்படித்தான். எங்களுக்கு அது பரிசுத்த மேசை, காலத்துக்கேற்ற நிறத்தில் துணி விரிப்போம், மற்ற எதையும் வைக்கமாட்டோம். பாப்டிஸ்ட் வழியில் வந்த அவர்களுக்கு அது திருவிருந்து நாளில் பயன்படும் ஒரு மேசை. மற்ற நாளில் கிதார் பெட்டியை வைத்தால் தவறாகத் தெரியாது. கோபித்துக்கொள்வதைவிடப் பக்கத்தில் ஒரு ஸ்டாண்டு வாங்கிப் போடுவது மலிவு. எங்கள் திருவிருந்துப் பாத்திரங்கள் பூட்டில், அவர்களுடையவை தனிப் பூட்டில். யாருடைய சாவியையும் யாரும் கேட்பதில்லை.

சமையலறைதான் நான் அதிகம் பயந்த இடம். பன்றிக்கறி, மூங்கில் குருத்து, புளிக்கவைத்த சோயா என்று மணம் தூக்கலான சமையல். 2007இல் டெல்லி போலீஸ் வடகிழக்கு மாணவர்களுக்கென்று ஒரு கையேடு போட்டது. மூங்கில் குருத்து, அக்குனி (புளிக்கவைத்த சோயா) போன்ற வாடையடிக்கிற உணவுகளை அக்கம்பக்கத்துக்குத் தொல்லை இல்லாமல் சமைக்கும்படி அதில் அறிவுரை. அதைப் படித்த வடகிழக்குப் பிள்ளைகள் எவ்வளவு நொந்திருப்பார்கள் என்று, இதே ஊரில் நெத்திலிக் கருவாடு வறுத்துப் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட எந்தத் தமிழச்சிக்கும் தெரியும். ஆகவே மணத்தைப் பற்றி எங்கள் பக்கம் யாரும் வாய்திறக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று பெரிதாகப் போட்டோம், பாதிப் பணம் அவர்கள். எங்கள் சபையில் பன்றிக்கறி தொடாத குடும்பங்கள் உண்டு. பொது அண்டாவில் அது வேகக்கூடாது என்பது மட்டுமே அந்தக் குடும்பங்கள் கேட்டது. பைதே சபையார் தங்கள் பாத்திரங்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். கேஸ் சிலிண்டர் ஆளுக்கொன்று, மேலே பெயின்டில் பெயர். சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் ஞாயிறு மதியம் அரிசி பாதி வெந்த நிலையில் சிலிண்டர் தீர்ந்துபோனால் எந்தச் சகோதர அன்பும் நிற்காது.

சவுண்ட் சிஸ்டத்துக்கு ஒரு சின்ன உபாயம். எங்களுக்கு ஆர்மோனியம், தபேலா, கீர்த்தனை. அவர்களுக்கு டிரம்ஸ், பேஸ் கிதார். மிக்சரில் ஒருவர் வைத்ததை மற்றவர் மாற்றி, அடுத்த ஞாயிறு ஐயர் வாயைத் திறந்தால் கீச்சென்று ஊளை. இப்போது கூட்டம் முடிந்ததும் மிக்சரை போனில் படம் எடுத்து இரு சபைக்குமான வாட்ஸப் குழுவில் போடவேண்டும், அடுத்தவர் அதைப் பார்த்து வைத்துக்கொள்வார். அக்கம்பக்கத்துக்காரர்களின் புகார் தனிக் கதை. ஒலி மாசு விதிகள் 2000இன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது, பண்டிகைக்கு அரசு விலக்கு கொடுத்தால்தான் நள்ளிரவு வரை. எங்களுக்கு டிசம்பர் 31 நடுராத்திரி ஆராதனை உயிர், அவர்களுக்கும். முதலில் அவர்கள் எட்டு மணிக்கு, பிறகு நாங்கள் மைக் இல்லாமல் என்று வைத்தோம். ஆர்.டபிள்யூ.ஏ. (குடியிருப்போர் சங்க) ஆட்களுக்கு இரு சபையும் சேர்ந்து கேக் கொண்டுபோவது வழக்கமாகிவிட்டது. முன்பு "அந்த சத்தம் போடறவங்க" என்று பைதே சபையைப் பற்றி மட்டும் எங்களிடம் வந்து குறை சொல்வார்கள். நாங்களும் மதராசிகள்தானே, எங்களைப் பற்றி யாரிடம் போய்ச் சொன்னார்களோ.

இவ்வளவையும்விட முக்கியமாக நான் நினைப்பது நாற்காலி. முதல் ஆண்டு அவர்கள் கோரிக்கை எழுதித் தருவார்கள், எங்கள் கமிட்டி முடிவு செய்யும். கூரைக்கு அவர்கள் பணம் கட்டினார்கள், எந்த ஒப்பந்தக்காரர் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. இது சரியில்லை என்று எனக்குப் பட்டது. கட்டட விஷயங்களுக்கு மட்டும் தனியாக ஒரு குழு கேட்டேன்: எங்கள் பக்கம் மூன்று பேர், அவர்கள் பக்கம் மூன்று பேர். எதிர்ப்பு பலமாக இருந்தது. "இடம் கொடுத்தா மடத்தைப் பிடுங்குவான்" என்று என் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் இருக்கிறார்கள். சொத்து விஷயம் டிரஸ்டிடம்தான் இருக்கிறது, இந்தக் குழு சொத்தைத் தொடமுடியாது என்று ஒப்பந்தத்தைக் காட்டித்தான் ஒத்துக்கொள்ள வைத்தேன். குழு வந்த பிறகு புகார்கள் பாதியாகிவிட்டன. அவர்களுடைய மூப்பர் ஒருவர், 'ஊபா' என்றுதான் எல்லாரும் அழைப்போம், கட்டட வேலை தெரிந்தவர். எங்கள் மொட்டை மாடி ஒழுகலுக்கு அத்தனை வருடமும் தாரை மேலே மேலே பூசிக்கொண்டிருந்தோம். மழைநீர்க் குழாயின் வாய் அடைத்திருக்கிறது என்று கண்டுபிடித்தவர் அவர்தான்.

பிள்ளைகளைப் பற்றிய பயமும் இருந்தது. அவர்கள் முழுக்கு ஞானஸ்நானம் கொடுப்பவர்கள். குழந்தையிலேயே ஞானஸ்நானம் எடுத்த நம் பிள்ளைகளை மறுபடி எடுக்கச் சொல்வார்களோ? இரு போதகர்களும் உட்கார்ந்து பேசி, அடுத்த சபையின் பிள்ளைகளிடம் இதைப் பேசுவதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். இதை எழுதவில்லை, ஆனால் மீறப்படவும் இல்லை. கோடை விடுமுறையில் விடுமுறை வேதாகமப் பள்ளி இப்போது சேர்ந்துதான் நடக்கிறது. மேடையில் ஆங்கிலம், பிள்ளைகள் தங்களுக்குள் பேசுவதோ சுத்தமான டெல்லி இந்தி. தமிழ் வளரவில்லை என்று தாத்தா பாட்டிகளுக்கு மனக்குறை. அதே குறை அந்தப் பக்கத்துப் பாட்டிகளுக்கும் பைதே மொழியைப் பற்றி.

பிறகு 2023 மே 3 வந்தது. மணிப்பூரில் மெய்தேய், குக்கி-ஜோ (பைதே மக்களும் இதில் அடக்கம்) சமூகங்களுக்கிடையே வெடித்த வன்முறையில் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள், நூற்றுக்கணக்கான ஆலயங்கள் எரிந்தன. இணையத்தை முடக்கிவிட்டதால் டெல்லியிலிருந்த பிள்ளைகளுக்கு வீட்டார் உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியாத நாட்கள். கொஞ்ச நாளில் குடும்பங்கள் டெல்லிக்கு வரத் தொடங்கின, பையும் பிள்ளையுமாக. நேர அட்டவணை, சப்மீட்டர் எல்லாம் ஒரு ஓரமாகப் போயிற்று. சண்டே ஸ்கூல் அறை துணிகளும் பாய்களும் அரிசி மூட்டைகளுமாக நிறைந்தது. எங்கள் நர்ஸ்கள் ஷிப்டு முடித்து வந்து பிள்ளைகளுக்குக் காய்ச்சல் பார்த்தார்கள். அப்போது குழுவில் ஒரு கேள்வி எழுந்தது: ஆலயத்துக்குள் கண்டனக் கூட்டம் நடத்தலாமா? ஜெபமும் நிவாரணமும் இங்கே, கூட்டமும் பதாகையும் ஜந்தர் மந்தரில் என்று அந்த மூப்பரே சொல்லிவிட்டார். நாங்கள் சொல்லியிருந்தால் அது வேறு மாதிரிக் கேட்டிருக்கும். முடிவெடுக்கும் நாற்காலி அவர்களிடமும் இருந்ததன் பலன் இது என்று நான் நம்புகிறேன்.

அந்த நாட்களில்தான் அவர்கள் சபையில் ஒரு இளைஞர் டெல்லி மருத்துவமனையில் இறந்தார். அவர்கள் வழக்கப்படி உடலைச் சுற்றி உட்கார்ந்து இரவெல்லாம் பாடுவார்கள், தனியாக விடமாட்டார்கள். மறுநாள் காலை எங்களுக்குத் திருமணம். ஒப்பந்தத்தில் சாவுக்கு இடமே ஒதுக்கியிருக்கவில்லை. பெண் வீட்டாரைக் கேட்டோம். பெண்ணின் அப்பா, "ஹாலை எடுத்துக்கிடட்டும், நாங்க காலைல கழுவி விட்டுக்கிடுறோம்" என்றார். இரவு பத்துக்குப் பிறகு மைக் இல்லாமல் நான்கு குரலில் பாடினார்கள். சம்பந்தி வீட்டுப் பெண்கள் பந்தல் பூ கட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

உடலை அனுப்புவதில் நாங்கள் உதவ முடிந்தது. ஊருக்குப் பெட்டி அனுப்பிப் பழகியவர்கள் டெல்லித் தமிழர்கள். இறப்புச் சான்றிதழ், பதனம் செய்ததற்கான சான்று, பெட்டியை முத்திரையிட்ட சான்று, போலீஸின் ஆட்சேபணை இல்லை கடிதம், கூடப் போகிறவரின் அடையாள அட்டை, ஏர் கார்கோ பதிவு. இவற்றின் நகல்களை முன்பே எடுத்து வைத்திருந்தால் அரைநாள் மிச்சம். முன்பென்றால் இம்பாலில் இறக்கிவிடலாம். மெய்தேய் மக்கள் வாழும் இம்பால் பள்ளத்தாக்கு வழியாக அவர்கள் போக முடியாத நிலை வந்துவிட்டதால் ஐஸ்வால் வரை விமானம், அங்கிருந்து மலைச்சாலையில் நெடும் பயணம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆள் ஏற்பாடு செய்தோம். அதன் பிறகு ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தோம்: மரணம் என்றால் மற்ற எல்லா ஒதுக்கீடும் பின்னால் போகும். இந்த வரியை நீங்கள் முதல் நாளே சேர்த்துக்கொள்ளுங்கள்.

சேர்ந்து ஆராதிப்பதைப் பற்றிக் கேட்கிறார்கள். ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை போதும் என்பேன். மாதாமாதம் கூட்டு ஆராதனை வைத்தால் மொழிபெயர்ப்பில் எல்லாருக்கும் அலுத்துவிடும், பிரசங்கம் இரண்டு மடங்கு நீளும். பாட்டு மட்டும் தனி. அவர்களுடைய பாட்டுப் புத்தகங்களில் டோனிக் சோல்ஃபா (சுரங்களை எழுத்தில் குறிக்கும் முறை) அச்சிட்டிருக்கும். எங்கள் பாடகர் குழுவில் பாளையங்கோட்டையில் சோல்ஃபா கற்ற பெரியவர் ஒருவர் அந்தப் புத்தகத்தை வாங்கி, மொழி ஒரு எழுத்தும் தெரியாமலே டெனர் பகுதியைப் பிழையில்லாமல் பாடினார். கிறிஸ்மஸ் கேரலுக்கு இப்போது ஒரே ராகத்தில் அவரவர் மொழியில் பாடுகிறோம், ஒத்திகையை அந்தப் பெரியவரும் அவர்களுடைய கொயர் மாஸ்டரும் சேர்ந்து நடத்துகிறார்கள். அதைவிட நன்றாகப் போவது அசனம் என்கிற சபை விருந்து. ஊரில் செய்வதுபோல சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு. சமூக விருந்து அவர்களுக்கும் பழக்கம்தான், வெட்டுவது, கழுவுவது, பரிமாறுவது எல்லாம் ஆண்பிள்ளைகள் தாங்களாக எடுத்துச் செய்கிறார்கள். எங்கள் வீட்டு ஆண்கள் இதைக் கொஞ்சம் கவனித்தால் நன்றாயிருக்கும்.

இப்போது எங்கள் குழுவின் முன்னால் இருப்பது பெயர்ப்பலகை. வாசலில் எங்கள் சபையின் பெயர் மட்டும் இருக்கிறது. அவர்களுடைய பெயரையும் அதே அளவு எழுத்தில் போடவேண்டும் என்பது என் கட்சி. சின்னப் பலகையாகப் பக்கவாட்டில் போதும் என்கிறார் அண்ணாச்சி. டிரஸ்டிடம் அனுமதி கேட்டு எழுதியிருக்கிறோம். அடுத்த கூட்டம் ஒப்பந்தப் புதுப்பிப்போடு சேர்த்து வருகிறது. தண்ணீர்த் தொட்டிச் செலவுக்கான விலைப்புள்ளிகளும் அன்றைக்குத்தான்.